எட்டு வருஷம்

அக்கா பொண்ணு வீடியோ கால்ல ஒரு பேப்பர காட்டுனா. நடுவுல கோடு. ஒரு பக்கம் எம்.டி, அமெரிக்காவுல டாக்டர் ஆகற படிப்பு, 4 வருஷம். இன்னொரு பக்கம் எம்.டி-பிஎச்.டி, அதோட ஆராய்ச்சிப் பட்டமும் சேத்து, 8 வருஷம்.

அந்த எட்ட மட்டும் அழுத்தி அழுத்தி எழுதி பேப்பரே கிழிஞ்சிருக்கு.

அமெரிக்காவுல 1964-லேர்ந்து என்.ஐ.எச்-ங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு இந்த ரெட்டைப் படிப்புக்குன்னே பணம் தருது, அந்த திட்டத்துல சேந்தா ஃபீஸ் கிடையாது மேல ஸ்டைபெண்ட் வேற, மொதல்ல மெடிசின் அப்புறம் லேப் அப்புறம் திரும்ப வார்டுன்னு போகும், ஆனா கூட சேந்தவங்க எம்.டி முடிச்சு ரெசிடென்சில, அதாவது ஆஸ்பத்திரி பயிற்சில இருக்கறப்போ இவ எலிக்கு ஊசி போட்டுட்டு இருப்பா.

"வெறும் எம்.டி முடிச்சும் ரிசர்ச் பண்ணலாம்ல மாமா?"

பண்ணலாம்தான். நெறய பேர் அப்புறமா ஃபெலோஷிப்னு ஒரு மேல்பயிற்சில ரிசர்ச் கத்துக்கறாங்க. ஃபீஸ் மிச்சம்னு மட்டும் எட்டு வருஷத்துக்கு போயிடாதேன்னேன்.

லேப்ல ஒண்ணுமே வராத நாள்ல நீ என்ன பண்ணுனேன்னு கேட்டேன்.

"மறுநாள் சீக்கிரமா போனேன்"னா.