ஏழு வயதுக் கணினியில் விண்டோஸ் 11

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நின்றுவிடும் என்ற அறிவிப்பு பல மாதங்களாகத் திரையில் வந்துகொண்டிருந்தும், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் நான் அதைப் பொருட்படுத்தினேன். வருமான வரிப் படிவம், வங்கிக் கணக்கு, எங்கள் சங்கத்தின் சுற்றறிக்கைகள் என எல்லாமே மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் உள்ள அந்த ஒரு மேசைக் கணினியில்தான் நடக்கின்றன. அது 2018இல் வாங்கியது. மைக்ரோசாப்டின் தகுதிச் சோதனைச் செயலியை இறக்கி ஓட்டியபோது, டிபிஎம் 2.0 (மறைகுறியீட்டுத் திறவுகோல்களைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) இல்லை, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளைக் கொண்டு மட்டுமே கணினியைத் தொடங்க விடும் காப்பு) இல்லை, ஆகவே இந்தக் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது என்று சிவப்புக் குறியுடன் விடை வந்தது.

பினாங்கின் கொம்தார் கோபுரத்துக்கு அருகே ஒரு கடையில் விசாரித்தேன். கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல் புதிதாக வாங்கிவிடும்படி சொன்னார்கள். நானும் ஏறக்குறைய அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திவிட்ட வேளையில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரியும் என் தங்கை மகன் தொலைபேசியில் தடுத்தான். "மாமா, அவசரப்பட்டு பிசிய தூக்கிப் போட்டுறாதீங்க. உள்ள இருக்கிறது எட்டாம் தலைமுறைச் சில்லு. அது போதும். பயாஸ்லதான் எல்லாத்தையும் மூடி வச்சிருக்காங்க," என்றான்.

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே இயங்கிக் கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள். அவன் சொன்னதுதான் உண்மை. இன்டெல் சில்லுகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதற்கொண்டே விண்டோஸ் 11க்கான பட்டியலில் இடம்பெறுகின்றன. என்னுடையது அந்த எல்லைக்கோட்டின் மீதே நின்றது. டிபிஎம் என்பது தனியே வாங்கிப் பொருத்த வேண்டிய பொருள் என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் இவ்வகைக் கணினிகளில் பிடிடி என்னும் பெயரில் அது உள்ளேயே இருக்கிறது. பயாஸ் அமைப்பில் அதை இயக்கிவிட்டால் போதும். செக்யூர் பூட் கிடைக்காததற்குக் காரணம் வேறு. 2018இல் கணினியைக் கட்டித் தந்தவர் பழைய பயாஸ் முறையிலேயே விண்டோஸை நிறுவி, வட்டையும் எம்பிஆர் என்னும் பழைய பகுப்பு அமைப்பில் பிரித்திருந்தார். செக்யூர் பூட்டுக்கு, பழைய பயாஸ் முறைக்கு மாற்றாக வந்த யூஇஎஃப்ஐ முறை வேண்டும். அம்முறையில் விண்டோஸ் தொடங்க வட்டு ஜிபிடி என்னும் புதிய பகுப்பு அமைப்பில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் ஒரு மணி நேர வேலை என்றான் மருமகன். நான் இணங்கவில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்பு திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியேற்றத்தில் தட்டச்சு செய்த ஆண்டறிக்கைகளும் மலர்க் கட்டுரைகளும் என்னிடம் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுக்குரிய எழுத்துருக்கள் இல்லையென்றால் அவை வெறும் கிறுக்கல்களாகவே தெரியும். மேலும், சங்கத்துக் கணினியில் முன்பொரு முறை அவ்வாறு புதிதாக நிறுவியபோது, லதா எழுத்துருவில் அமைத்த சுற்றறிக்கைகள் அனைத்தும் நிர்மலா என்னும் வேறோர் எழுத்துருவுக்கு மாறி, ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தது. லதாவும் விஜயாவும் இப்போது விண்டோஸோடு தாமாக வருவதில்லை. அமைப்புகளில் விருப்ப அம்சங்கள் என்ற பகுதிக்குச் சென்று தமிழுக்கான துணை எழுத்துருக்களை நாமே சேர்க்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க அன்று அரை நாள் ஆயிற்று. ஆகவே, இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு மேலேற்றுவது என்று முடிவு செய்தேன்.

கோப்புகளை அழிக்காமல் எம்பிஆர் வட்டை ஜிபிடியாக மாற்றும் கருவி ஒன்று 2017 முதல் விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. எம்பிஆர்2ஜிபிடி என்பது அதன் பெயர். நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதலில் சரிபார்க்க மட்டும் சொன்னேன். முடியாது என்று மறுத்துவிட்டது. காரணம் புரிய ஒரு மாலைப்பொழுது பிடித்தது. இந்தக் கருவிக்கு வட்டில் மூன்று முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் இருக்கக்கூடாது. என் வட்டிலோ தொடக்கப் பிரிவு, சி, மீட்புப் பிரிவு, படங்களுக்கென்று ஒதுக்கிய டி என நான்கு இருந்தன. டி பிரிவில் இருந்தவற்றை வெளிவட்டு ஒன்றுக்குப் படியெடுத்து, படியெடுத்தவை திறக்கின்றனவா என்று இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பார்த்து, அதன் பிறகே அப்பிரிவை நீக்கினேன். பேரப்பிள்ளைகளின் காதுகுத்துப் படங்கள் உள்ள பிரிவை நீக்கும் பொத்தானை அழுத்தக் கை எளிதில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இம்முறை சரிபார்ப்பு தேறியது. மாற்றம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

அடுத்து நான் செய்த தவறுதான் எனக்கு உயிர்போய் உயிர்வந்த கதை. வட்டை மாற்றியவுடன் பயாஸையும் யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்ற வேண்டும். அதை மறந்து வழக்கம்போல் கணினியை மீண்டும் தொடங்கினேன். கறுப்புத் திரையில், தொடங்குவதற்கு ஏற்ற வட்டு இல்லை என்ற ஒற்றை வரி வந்து நின்றது. ஏழு ஆண்டு உழைப்பு போயிற்று என்றே நினைத்தேன். மருமகனை அழைத்தால் அவன் பணி நேரத்தில் இருந்தான். மாலை ஆறு மணிக்குத்தான் பேச முடிந்தது. பயாஸுக்குள் நுழைந்து சிஎஸ்எம் என்னும் பழைய முறைக்கான இணக்கத்தை அணைத்து, பிடிடியையும் செக்யூர் பூட்டையும் இயக்கிச் சேமித்ததும், ஒன்றும் நடவாததுபோல் விண்டோஸ் 10 எழுந்து வந்தது. தகுதிச் சோதனையில் இப்போது எல்லாம் பச்சை.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. சனிக்கிழமை காலை நிறுவல் உதவிச் செயலியைத் தொடங்கி, கணினி தானே மூன்று நான்கு முறை அணைந்து எழ, மதிய உணவுக்கு முன் விண்டோஸ் 11 வந்துவிட்டது. திஸ்கி எழுத்துருக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தமிழ் 99 விசைப்பலகையும் அப்படியே. தொடக்கப் பொத்தான் திரையின் நடுவே போய் அமர்ந்தது மட்டும் கண்ணை உறுத்தியதால், பணிப்பட்டை அமைப்பில் அதை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டேன். அச்சுப்பொறிக்கான மென்பொருளை மீண்டும் நிறுவ நேர்ந்தது.

விரும்பினால் பத்து நாள்களுக்குள் பழையதற்கே திரும்பலாம். அதற்குத் தேவைப்படும் என்று, அந்தப் பத்து நாளும் நான் வட்டிலிருந்த பழைய கோப்புகள் எதையும் துப்புரவு செய்யவில்லை. மனைவியின் மடிக்கணினியில் உள்ளது ஏழாம் தலைமுறைச் சில்லு, பட்டியலில் இல்லை. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை ஒத்திசைக்க இசைந்ததால், கட்டணமின்றி 2026 அக்டோபர் 13 வரை அதிலுள்ள விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் கிடைக்கின்றன. அதற்குப் பிறகு அந்த மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போடுவதா என்று மருமகன் கேட்டிருக்கிறான். மனைவி இன்னும் பதில் சொல்லவில்லை.