விக்கியில் மேற்கோள் பட்டியலும் பத்திகளும்

மேற்கோள் பட்டியலை இரண்டு பத்தி (நெடுவரிசை, column), மூன்று பத்தி என்று எண்ணால் பிரிக்கவே கூடாது. கணினியில் அழகாகத் தெரிவது கைப்பேசியில் ஒல்லிக் கீற்றுகளாகிவிடும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் வரிக்கு ஒரு சொல்தான் நிற்கும். மேற்கோள் பட்டியலைக் காட்டும் ரெஃப்லிஸ்ட் (Reflist) வார்ப்புருவில் பத்தியின் அகலத்தைக் கொடுங்கள்: 30எம் (30em). எம் என்பது எழுத்தளவைச் சார்ந்தது. எழுத்து 14 பிக்சல் என்றால் ஒரு பத்தி 420 பிக்சல். அகன்ற திரையில் இரண்டோ அதற்கு மேலோ பத்திகள், கைப்பேசியில் ஒன்று, தானாகவே அமையும். பத்துக்கும் குறைவான மேற்கோள்களுக்குப் பத்தியே வேண்டாம்.

ஒரே நூலைப் பலமுறை சுட்டினால் மேற்கோளைச் சுற்றி இடும் ரெஃப் (ref) குறிச்சொல்லுக்குப் பெயரிடுங்கள். வெறும் எண் பெயராகாது, பிழை காட்டும். பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள்குறி கட்டாயம். முழு விவரத்தை ஓரிடத்தில் மட்டும் எழுதி, மற்ற இடங்களில் சாய்கோட்டுடன் மூடிய பெயர்க் குறிச்சொல்லை இடுங்கள். ஒரே பெயருக்கு இரு வேறு விவரம் தந்தாலும் சிவப்பு எழுத்தில் பிழை வரும். குழுப்பெயர் (group) கொடுத்த குறிப்புகளுக்கு அதே குழுப்பெயருடன் தனிப் பட்டியல் தேவை.

பக்கத்தின் பாதி காணாமல் போனால் முதலில் மூடாத ரெஃப் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

நூற்பட்டியல் போன்ற நீண்ட பட்டியல்களைப் பத்திகளாகப் பிரிக்க டிவ் கால் (Div col) வார்ப்புரு. முடிவு வார்ப்புருவை மறந்தால் கீழேயுள்ள பகுதிகளும் பத்திகளுக்குள் இழுபடும். உருப்படிகளுக்கு இடையே வெற்று வரி விடாதீர்கள். ஒரே பட்டியல் துண்டு துண்டாக உடையும், திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைபடிப்பானில் கேட்பவர்களுக்கு அது பெரும் தொல்லை.