பன்னிரண்டு நிமிடம்

எங்கள் அலுவலகத்தில் தொழுகைக்கென்று தனி அறை கிடையாது. பழைய கோப்புகளைப் போட்டு வைக்கும் அறைதான். இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்க, குனிய, நெற்றியை வைக்க இடம் இருக்கும். தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா திசை அந்த அறைக்குக் கோணலாக விழுவதால் முஸல்லாவின், அதாவது தொழுகை விரிப்பின், ஒரு மூலை அலமாரியின் காலில் இடிக்கும்; அதை மடித்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவில் பழைய காகித நெடி மூக்கில் ஏறும். பதினோரு வருடங்களாக என்னுடைய நண்பகல் தொழுகையான லுஹரும் பிற்பகல் தொழுகையான அஸரும் அங்கேதான்.

வேலை சம்பளப் பிரிவில். வருகைப் பதிவு, கூடுதல் நேரம், பிடித்தம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, மாதக் கடைசியில் ஒவ்வொருவர் கணக்கிலும் சரியான தொகை போய்ச் சேர வேண்டும். சரியாகப் போனால் யாரும் நம்மை நினைக்க மாட்டார்கள். தப்பினால் எல்லோரும் நினைப்பார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் ஒழுங்கான ஆள். நேரம் வந்தால் எழுந்து போவேன், தொழுதுவிட்டு வருவேன். "உனக்கு மட்டும் எப்படிப்பா இவ்வளவு நிதானம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிதானமாவது, ஒன்றாவது. முதல் ஆறேழு வருடங்கள் நான் தொழுத லட்சணத்தை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. உடம்பு அலமாரிகளுக்கு நடுவில் நிற்கும், மனசு எக்செல் ஷீட்டில் நிற்கும். ரசீதில் முத்திரை குத்துகிற மாதிரி ஒரு வேலை.

நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ் (நபிமொழி) உமர் (ரலி) அறிவிப்பது: செயல்கள் எல்லாம் நிய்யத்தைக் கொண்டே, அதாவது எண்ணத்தைக் கொண்டே. ஓதப் பழகிய காலத்திலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. அல்லாஹ்வுக்காக ஊரை விட்டு ஹிஜ்ரத் போனவரும், உலக ஆதாயத்துக்காகவோ ஒரு பெண்ணை மணப்பதற்காகவோ போனவரும் அதில் வருகிறார்கள். இருவரும் நடந்தது ஒரே பாதை, போய்ச் சேர்ந்தது வேறு வேறு இடம். இந்த ஹதீஸைப் பெரிய காரியங்களுக்கு மட்டும் என்று நானாக ஒதுக்கி வைத்திருந்தேன். வாஷ்பேசினுக்கும் அது பொருந்தும் என்று தோன்றியதே இல்லை.

முதல் அடி அங்கேதான் விழுந்தது. தொழுகைக்கு முன் முகம், கை எல்லாம் கழுவிச் சுத்தம் செய்யும் ஒளுவில் கடைசியாகக் கால் கழுவ வேண்டும். நடைபாதை ஓரத்தில் இருக்கும் பொது வாஷ்பேசினில் ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு மறு காலைத் தூக்கி வைப்பேன். பக்கத்தில் கை கழுவுகிறவர் நெளிவார். குழாய் பாட்டுக்கு ஓடும், தரை முழுக்க ஈரமாகும். அதன் மேலேயே செருப்பை இழுத்துக்கொண்டு கோப்பு அறைக்கு ஓடிவிடுவேன். ஒருநாள் கைக்கடிகாரத்தை மறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனபோது, துப்புரவு செய்யும் அக்கா குனிந்து அந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க அக்கா" என்றேன்.

"பரவால்ல தம்பி. தினம் ரெண்டு வாட்டி துடைக்கிறதுதானே. சாமி கும்பிடப் போறீங்க, நான் என்ன சொல்றது?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகக் குத்தியது. சுத்தமாகி இறைவன் முன் நிற்கப் போவதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், என் பின்னால் ஒருவர் குனிந்து துடைத்திருக்கிறார். ஒருநாள்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை.

நபி (ஸல்) ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் என்ற இரு நபிமொழித் தொகுப்புகளிலும் வருகிறது. கடல் முத்து அல்ல, இது அரபு அளவை. இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் கிடைக்கும் அளவு என்பார்கள். இன்றைய கணக்கில் ஒரு லிட்டருக்குள் அடங்கும். படித்திருக்கிறேன், செய்து பார்த்ததில்லை. மறுநாள் 750 மில்லி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் முகத்துக்கே பாதி தீர்ந்துவிட்டது. ஒரு வாரத்தில் கை பழகி, கால் கழுவிய பிறகும் அடியில் கொஞ்சம் மிச்சம் நின்றது. அப்புறம் தோல் காலுறையும் வாங்கினேன். வீட்டில் முழு ஒளுவோடு அதைப் போட்டுக்கொண்டால், ஊரில் இருக்கிறவர் ஒரு பகல் ஓர் இரவு காலைக் கழுவாமல் அதன் மேல் ஈரக் கையால் தடவி மஸ்ஹு செய்துகொள்ளலாம். எவ்வளவு பழைய சலுகை! அதை விட்டுவிட்டு இத்தனை நாள் வாஷ்பேசினில் சர்க்கஸ் காட்டியிருக்கிறேன்.

தண்ணீரை அளக்கத் தொடங்கியதும் நேரத்தை அளக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அதே அறையில்தான் தொழுவார். இடம் ஒருவருக்கே போதும் என்பதால் அவர் முதலில், நான் பிறகு. அவர் எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும், கூடினால் பதின்மூன்று. ஒருநாள் நான் எனக்கு நேரம் பார்த்தேன். இருபத்தெட்டு. நான் ஒன்றும் குர்ஆனின் நீளமான சூராக்கள் ஓதுகிற ஆள் இல்லை; சின்ன சூராவான குல்ஹுவல்லாஹுவிலேயே காலம் தள்ளுகிறவன். அப்படியானால் அந்தப் பதினாறு நிமிடம் எங்கே போயிற்று? தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுத்ததும் அலமாரியில் சாய்ந்துகொண்டு போனை எடுப்பேன். அங்கே யாரும் வரமாட்டார்கள், தொழுகிறவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதை. அந்த மரியாதையின் மறைவில் நான் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூலிக்கு அமர்த்தப்பட்டவருடைய நேரத்திலிருந்து பர்ளான, அதாவது கட்டாயமான, தொழுகைக்கான நேரம் விலக்கப்பட்டது என்று பிக்ஹு என்னும் மார்க்கச் சட்ட நூல்கள் சொல்கின்றன. அதாவது அந்த நேரத்துக்காக முதலாளி கூலியைக் குறைக்க முடியாது. அந்தச் சட்டம் என் பக்கம். ஆனால் சாய்ந்து உட்கார்ந்த பதினாறு நிமிடத்துக்கு எந்த பிக்ஹும் கைகொடுக்காது. ஒரு நாளைக்கு இரண்டு தொழுகை, அப்படி எத்தனை நாட்கள்! சம்பளக் கணக்கு போடுகிறவனுக்கு இந்தப் பெருக்கல் தானாகவே மண்டைக்குள் ஓடிவிடும். ஓடியது.

அண்ணனிடம் போய், "எப்படிண்ணே அவ்வளவு சீக்கிரம் வந்துடறீங்க?" என்று கேட்டேன். ஏதாவது உபதேசம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். "போனை மேஜையிலேயே வெச்சுட்டுப் போவேன்" என்றார், அவ்வளவுதான்.

எங்கள் கூடத்தில் ஜன்னல் கிடையாது. காலை முதல் மாலை வரை ஒரே வெளிச்சம், ஒரே குளிர். வெளியே மழையா வெயிலா என்பது உள்ளே வருகிறவரின் குடையைப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கூடத்தில் சூரியனோடு எனக்கு இருந்த ஒரே உறவு தொழுகை அட்டவணைதான். சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். உச்சி நேர நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்தைத் தாண்டினால் அஸர். ஹனபி சட்டப் பிரிவினருக்கு இரண்டு மடங்கு. ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடம், அரை நிமிடம் என்று நகர்ந்துகொண்டே இருக்கும். போன மாதம் கூட்டத்துக்கு முன்னால் தொழுதது இந்த மாதம் கூட்டத்துக்கு நடுவில் விழும். முன்பெல்லாம் இது எரிச்சலாக இருந்தது, ஒரே நேரமாக வைத்திருக்கக் கூடாதா என்று. இப்போது, என்னை வந்து அசைக்கிற ஒன்று அந்தக் கூடத்தில் அது மட்டும்தான் என்று தோன்றுகிறது. வேலையில் மூழ்கிப் போவதை எல்லோரும் புகழ்கிறார்கள். மூழ்கினவனை ஒருவர் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுப்பதும் தேவைப்படுகிறது.

அப்படி இழுத்தபோதுதான் அந்த 213-ஆவது வரிசை கண்ணில் பட்டது.

மாதக் கடைசி. கோப்பை வங்கிக்கு அனுப்பி முடித்தாயிற்று. அஸர் தொழுதுகொண்டிருந்தேன். தொழுகை தொடங்கியதும் ஷைத்தான் வந்து "இதை நினை, அதை நினை" என்று, அதுவரை நினைவில் இல்லாததையெல்லாம் நினைவூட்டுவான், எத்தனை ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுதோம் என்றே தெரியாமல் போகும் என்று ஒரு ஹதீஸ் உண்டு. தொலைந்த சாவி தொழுகையில்தான் ஞாபகம் வரும் என்று எல்லோரும் சிரித்துக்கொள்வோம். எனக்கு வந்தது ஃபார்முலா. கூடுதல் நேரத்துக்குப் புதிய விகிதம் வந்திருந்தது, அதை மேலிருந்து கீழே இழுத்து விட்டேன். எதுவரை இழுத்தேன்? 212. பட்டியல் 226 வரை போகிறது. கடைசிப் பதினான்கு பேருக்குப் பழைய விகிதமே போயிருக்கிறது.

மூன்றாவது ரக்அத்தா, நான்காவதா என்பது சுத்தமாக மறந்துவிட்டது. குறைந்த எண்ணிக்கையை வைத்து இன்னொரு ரக்அத் தொழுது, மறதிக்கான ஸஜ்தா இரண்டும் செய்து ஸலாம் கொடுத்தேன். அது ஷைத்தான் போட்ட நினைவா, இறைவனின் அருளான ரஹ்மத்தா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மேஜைக்குத் திரும்பிப் பார்த்தேன். சரியாகப் பதினான்கு பேர், எல்லோரும் புதிதாகச் சேர்ந்த இரவுப் பணிக்காரர்கள். விகிதம் மாறியதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கப் போவதில்லை. அடுத்த மாதம் "நிலுவை" என்று ஒரு வரி சேர்த்தால் ஓசையில்லாமல் முடிந்துவிடும். நான் அப்படிச் செய்யத்தான் நினைத்தேன். ஒரு கால் மணி நேரம் அதற்கான நியாயங்களை அடுக்கிக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சீராக வந்தன. குர்ஆனில் 83-ஆவது அத்தியாயம் அளவில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று தொடங்குகிறது: தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்குவார்கள், பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பார்கள். தராசுக்காரனைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். என் தராசு கணினியில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தவறி விழுந்ததைத் தெரிந்த பிறகு ஒரு மாதம் அப்படியே வைத்திருந்தால் அதற்கு வேறு பெயர்.

மேலாளரிடம் சொன்னேன். "அடுத்த மாசம் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே, இப்போ மேலே நான் என்ன பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டார். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். மூன்றாம் நாள் பதினான்கு பேருக்கும் பாக்கி போயிற்று. அந்த வருட மதிப்பீட்டில் எனக்கு ஒரு படி குறைந்தது. உண்மை சொன்னவனுக்குக் கடைசியில் பதவி உயர்வு கிடைக்கும் கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அன்றிரவு தூக்கம் நன்றாக வந்ததா என்றால் அதுவும் இல்லை.

அதே காலத்தில் அலுவலகத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி என்று ஒன்று நடத்தினார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். பக்கத்திலிருந்தவர், "நீ தினமும் செய்றதுதானே இது?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன், ஆனால் அது முழுக்க ஆமாம் இல்லை. அங்கே நான் என்னைக் கவனிக்கிறேன். தொழுகையில் நான் கவனிக்கப்படுகிறேன். வானவர் ஜிப்ரீல் (அலை) வந்து இஹ்ஸான் என்றால் என்னவென்று கேட்டபோது, அல்லாஹ்வைப் பார்ப்பது போல வணங்குவது, நீ பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான் என்று நபி (ஸல்) பதில் சொன்னார்கள். மூச்சைக் கவனித்தால் எனக்கு அமைதி வருகிறது. பார்க்கப்படுகிறேன் என்று நினைத்தால் ஈரத் தரையும் 213-ஆவது வரிசையும் வருகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இன்ஷா அல்லாஹ்" என்பதை எங்கள் ஆட்கள் அலுவலகத்தில் என்ன பாடு படுத்துகிறோம்! நாளை இதைச் செய்வேன் என்று சொல்லாதே, அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துச் சொல் என்பது 18-ஆவது அத்தியாயத்தில் வருகிறது. செய்யப் போகிறவன் சொல்ல வேண்டிய வார்த்தை அது. நாங்கள் அதைச் செய்யாமல் இருப்பதற்கு வைத்திருக்கிறோம். ஒருநாள் "நாளைக்குள்ள முடிச்சுடுவேன், இன்ஷா அல்லாஹ்" என்றதும் எதிரில் இருந்த முஸ்லிம் அல்லாத நண்பர், "அப்போ அடுத்த வாரம்னு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார். சிரித்தேன். சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

கஸ்ஸாலி இமாம் (1058–1111) தம் இஹ்யா நூலின் கடைசிக் கால்பகுதியில் தன்னைக் கண்காணிக்கும் முராகபா, தன்னிடமே கணக்குக் கேட்கும் முஹாஸபா பற்றி எழுதும்போது வியாபாரக் கூட்டாளியை உதாரணம் காட்டுகிறார். மூலதனத்தைக் கூட்டாளி கையில் கொடுக்கிறவன் முதலில் நிபந்தனை பேசுவான், இடையில் கண்காணிப்பான், கடைசியில் கணக்குக் கேட்பான். நம்முடைய நஃப்ஸோடும் (மனத்தோடும்) காலையில் நிபந்தனை, பகலில் கண்காணிப்பு, இரவில் கணக்கு என்று நடத்தச் சொல்கிறார். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்? உடனே ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். விடியல் தொழுகையான சுபுஹுக்குப் பிறகு ஒரு வரி, இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு மூன்று வரி என்று திட்டம்.

காலை வரி பெரும்பாலும் எழுதிவிடுகிறேன். இரவு வரிகளில் பாதி நாட்கள் தூக்கம் முந்திக்கொள்கிறது. சில பக்கங்களில் தேதி மட்டும் இருக்கிறது. அண்ணன் ஓய்வு பெற்றுப் போன நாளன்று எதுவும் எழுதவில்லை. அவருடைய முஸல்லாவை அலமாரியின் மேல் தட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார், இப்போது நான் அதைத்தான் விரிக்கிறேன். மூலையை மடித்து மடித்து அந்த இடம் வெளுத்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை இரவு எழுதியது இது:

"லுஹர் 12 நிமிடம். அஸர் 19. போன் சட்டைப் பையில் இருந்தது. அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம், மூன்று நாளாக வரவில்லை. இன்றுதான் கவனித்தேன்."