93 பர்சன்டைல் வந்தும் ஏன் போதவில்லை?

அமெரிக்காவில் இளநிலைக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் ரிசல்ட்டில், 1600-க்கு 1400-க்குப் பக்கத்தில் ஒரு ஸ்கோர், கூடவே 93 பர்சன்டைல். நூறில் 93 பேருக்குக் குறையாமல் எழுதியாயிற்று, அப்புறம் என்ன என்று தோன்றும். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகத்தில் அந்த 93-க்கு அநேகமாக வேலையே இல்லை. பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பம் கேட்பதும் ஸ்கோரைத்தான்.

எஸ்ஏடி-யை நடத்தும் காலேஜ் போர்டே பர்சன்டைலை இரண்டு விதமாகக் கணக்கிடுகிறது. ஒன்று, தேர்வு எழுதாதவர்களையும் சேர்த்து அந்நாட்டின் 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் எல்லோரோடும் ஒப்பிடுவது. மற்றது, உண்மையில் எழுதியவர்களோடு மட்டும். முதலாவது பெரும்பாலும் தாராளமாக இருக்கும். மனசு குளிரலாம், அவ்வளவே. உச்சியில் பர்சன்டைல் பேச்சற்றுப் போகிறது: 1580-க்கும் 1600-க்கும் ஒரே 99+ தான்.

கல்லூரி பார்ப்பது தன் வகுப்பறையை. அதற்கு அந்தக் கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' (கல்லூரி ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று தேடி, சி9 பகுதிக்குப் போங்கள். சேர்ந்த முதலாண்டு மாணவர்களின் 25, 50, 75-ஆவது பர்சன்டைல் ஸ்கோர்கள் அங்கே இருக்கும். குழப்பம் பிறக்கும் இடமும் இதுதான். இங்கே ஒப்பீடு நாட்டோடு இல்லை, அந்தக் கல்லூரிக்குள். 25-ஆவது 1460 என்று போட்டிருந்தால், உங்கள் 1400 அங்கே கடைசிக் கால்வாசியில் விழும். கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் கால்வாசிப் பேரும் சேர்ந்தவர்கள்தாமே. ஆனால் விண்ணப்பத்தின் மற்ற பக்கங்கள் கனமாக இருக்க வேண்டும்.

அதே சி9-இல் எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் அனுப்பினார்கள் என்பதையும் பாருங்கள். ஸ்கோர் கட்டாயமில்லாத கல்லூரியில் நல்ல ஸ்கோர்காரர்கள்தான் அதிகம் அனுப்புவார்கள், எண்கள் ஊதிப்போயிருக்கும். எம்ஐடி 2022-இல் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியது, டார்ட்மவுத் 2024-இல் அப்படியே அறிவித்தது. விதி எந்த ஆண்டுக்கானது என்று பார்க்காமல் பழைய அட்டவணையை நம்பாதீர்கள்.

சூப்பர்ஸ்கோரை, அதாவது பல முறை எழுதியதில் ஒவ்வொரு பகுதியிலும் சிறந்த ஸ்கோர்களின் கூட்டலை, ஏற்கும் இடங்களில் கணக்கு இன்னும் விலகும். ஒரு முறை வாசிப்பு-எழுத்து 680, கணிதம் 700. இன்னொரு முறை 640, 740. கல்லூரி எடுப்பது 680 + 740 = 1420. எந்த ஒரு நாளிலும் நீங்கள் வாங்காத ஸ்கோர் இது. ஒரே அமர்வில் எழுதியவர்களின் பர்சன்டைல் அட்டவணையில் இதைத் தேடுவது வீண்.

முதுகலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு விதிவிலக்கு. மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பலில் 160 என்றால் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வரலாம்; கணக்குப் பகுதியான குவான்ட்டில் அதே 160 கூட்டத்தின் நடுவில் நிற்கும். அங்கே பர்சன்டைலைப் பார்க்காமல் ஸ்கோருக்கு அர்த்தமே இல்லை.

பள்ளி மதிப்பெண்படி வரும் வகுப்புத் தரவரிசை வேறு விஷயம். டெக்சாஸில் 1997 சட்டப்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் அம்மாநில மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் மட்டும் வரம்பை இன்னும் இறுக்கி வைத்திருக்கிறது.