யானைவேலியை எங்கே அளப்பது?

மின்வேலியில் பழுதென்றால் எல்லோரும் முதலில் ஓடுவது வேலிக்கு மின்துடிப்பு அனுப்பும் எனர்ஜைசர் பெட்டிக்கு. எனர்ஜைசரில் விளக்கு மினுங்குகிறது, செக்கனுக்கு ஒருதரம் ‘டிக்’ என்கிறது, மீற்றர் 8 கிலோவோல்ற் காட்டுகிறது. சரி, வேலி நல்லாயிருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். வன்னியில் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்து வயல்களில் பெட்டி இருப்பது பெரும்பாலும் ஆள் புழங்கும் இடத்தில். யானை வருவது காட்டுக்கரையால். அதனால் கடைசிக் கம்பத்தில் அளந்த அளவுதான் வேலியின் அளவு. அங்கே 6 கிலோவோல்ற்றுக்குக் குறைந்தால் வேலை இருக்கிறது என்று பொருள். சாதாரண மல்ரிமீற்றரை வைக்கவேண்டாம், எரிந்துபோகும். வேலிக்கென்றே உள்ள மீற்றர் வேண்டும்.

மின்னழுத்தம் குறைந்தால் சைரன் அடிக்கும், அல்லது கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியைப் பூட்டும்போதும் இதே கதைதான். வசதி பார்த்துப் பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டுவார்கள். கம்பி நிலத்தில் தட்டினால் அது கத்தும், உண்மை. ஆனால் கம்பி அறுந்து, அறுந்த முனை மண்ணில் படாமல் தொங்கினால் பெட்டிப்பக்கம் அழுத்தம் குறையாது. சுமை குறைந்ததால் சிலவேளை கூடும். கருவி பேசாமல் இருக்கும், அறுந்த இடத்துக்கு அப்பால் வேலி வெறும் கம்பி. கருவி கடைசி முனையில் இருந்தால் இரண்டும் பிடிபடும். அங்கே தனியாக ஒரு சின்னச் சோலார் தகடும் பற்றறியும் வைக்கவேண்டிவரும். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்கக்கூடாது. வேலி வயலைச் சுற்றிப் பெட்டியடிக்கே திரும்புகிறதென்றால் இன்னும் சுகம்: கடைசி முனையைத் தொடக்கத்தோடு இணைக்காமல் விட்டு, அந்த முனையில் கருவியைக் கொடுத்தால் போதும்.

எந்த அளவில் கத்த வைப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். காய்ந்த நாளில் 7.5 காட்டும் முனை, மழைவிட்ட காலையில் 6.5 காட்டலாம். எச்சரிக்கையை 7 இல் வைத்தால் கார்த்திகை முழுக்க இரவிரவாகச் சைரன்தான். சலித்துப்போய் யாராவது வயரைக் கழற்றிவிடுவார்கள். ஈரநாள் அளவுக்கு 1 கிலோவோல்ற் கீழே வைப்பது நல்லது. வாரத்துக்கு ஒருதரம் இரண்டு சோதனை: பெட்டியை நிறுத்திவிட்டு, மண்ணில் அறைந்த இரும்புக் கம்பியொன்றைக் கடைசிப் பகுதியில் தொடுத்து, திரும்பப் போட்டுப் பார்ப்பது, பிறகு நடுவேலியில் உள்ள சுவிச்சைத் திறந்து, அதாவது தொடர்பைத் துண்டித்து, பார்ப்பது. இரண்டுக்கும் கத்தவேண்டும்.

ஏர்த், அதாவது பெட்டியிலிருந்து மண்ணுக்குள் இறக்கிய கம்பி, விடயத்தில் கோடை வேறு, மாரி வேறு. கம்பியில் தொட்ட மின் யானையின் உடம்பால் இறங்கி, மண்ணால் ஓடி, ஏர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி. ஆனியிலிருந்து புரட்டாதி வரை நிலம் வெடித்துக் கிடக்கும்போது அந்த வழி அடைபடுகிறது. மீற்றர் நல்ல அளவு காட்டும், யானை தட்டிவிட்டுப் போகும். உடனே பெரிய எனர்ஜைசர் வாங்கப் புறப்படாமல் ஏர்த்தைச் சோதியுங்கள். பெட்டியை நிறுத்தி, அங்கிருந்து 100 மீற்றர் தள்ளிச் சில இரும்புக் கம்பிகளை மண்ணில் அறைந்து வேலியில் சாய்க்கவேண்டும். பெட்டியைப் போட்டதும் வேலி 2 கிலோவோல்ற்றுக்குக் கீழே வரவேண்டும். வந்தபின் மீற்றரின் ஒரு முனையைக் கடைசி ஏர்த் கம்பியிலும், மற்றதை ஒரு மீற்றர் தள்ளி மண்ணில் குத்திய ஊசியிலும் பிடித்துப் பாருங்கள். 0.3 கிலோவோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் போதாது. 2 மீற்றர் நீளமான நாகப்பூச்சுக் கம்பிகளை 3 மீற்றர் இடைவெளி விட்டுக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். வாய்க்கால் ஓரம், குளத்துக் கசிவு இருந்தால் அங்கே. செப்பு வயரை நாகக் கம்பியோடு நேரே முறுக்கினால் அந்த மூட்டு அரித்துவிடும். மிதிவெடிப் பலகை இன்னும் நிற்கிற பக்கமாக ஒன்றையும் அறையவேண்டாம், சுற்றிப் போங்கள்.

வறண்ட தரையில் இன்னொரு வழி, மின்கம்பிகளுக்கு நடுவே ஏர்த்தோடு தொடுத்த கம்பியொன்றை இழுப்பது. இரண்டும் ஒன்றாக உடம்பில் பட்டால் மண்ணின் தயவு தேவையில்லை. மாரியில் அதே கம்பி தொல்லை தரும். தொய்ந்து மின்கம்பியில் முட்டினால் வேலி முழுதும் செத்துவிடும்.

புல்லைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் மழைக்குப் பிறகு கினிப்புல் கிழமைக்கணக்கில் கீழ்க்கம்பியை எட்டும். பெட்டியை நிறுத்திவிட்டு வெட்டுங்கள். கறையான்தான் கண்ணில் படாமல் வேலை பார்ப்பது. மரக்கம்பத்தில் ஏற்றிய புற்றுமண், மின்கம்பியைக் கம்பத்தில் தொடாமல் தாங்கும் இன்சுலேற்றர் வரை போய், நனைந்ததும் பாலமாகிறது. வேலிக்குக் கிட்ட நிற்கும் வீரை, பாலை மரங்களும் ஆபத்து. யானையின் கொம்பு (தந்தம்) மின்னைக் கடத்தாது, அதனால் கம்பியைத் தள்ளலாம். ஆனால் எங்கள் காட்டில் கூடுதலாக உள்ளவை அலியன்கள், அதாவது கொம்பில்லாத ஆண்யானைகள். அவை மரத்தை வேலிமேல் சாய்க்கும், அல்லது தடித்த பாதத்தால் கம்பத்தைத் தள்ளும்.

பற்றறியை வெயில் ஏறுமுன் அளக்கவேண்டும். 12.7 வோல்ற் என்றால் நிறைவு, 12.2 பாதி, 11.8 என்றால் இரவு தாங்காது. காய்ச்சி வடித்த நீர்தான் விடவேண்டும், வன்னிக் கிணற்றுத் தண்ணீரின் கல்சியம் தகடுகளைக் கெடுத்துவிடும். பற்றறி இறங்கிவிட்டதென்று வீட்டுக் கரன்ரைக் கம்பியில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனர்ஜைசர் விடுவது ஒரு செக்கனில் சிறு துளி நேரத் துடிப்பு, விலகிக்கொள்ள இடைவெளி உண்டு. வீட்டுக் கரன்ற் விடாமல் பிடிக்கும். யானையும் சாகும், விடியப் புல்லறுக்க வந்த ஆளும் சாகும். சட்டத்துக்கும் விரோதம்.

பழுது தேட வேலி முழுதும் நடக்கவேண்டியதில்லை. நடுச் சுவிச்சைத் திறந்து பெட்டிப்பக்கம் அளவுங்கள். அளவு ஏறினால் மின் ஒழுகும் இடம் அப்பால், ஏறாவிட்டால் இப்பால். பழுதுள்ள பாதியை மறுபடி பாதியாக்குங்கள். விரிசல் விட்ட இன்சுலேற்றர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் நீலப்பொறி காட்டும். பழைய ஏ.எம். ரேடியோவை நிலையம் பிடிக்காத இடத்தில் வைத்துக்கொண்டு நடந்தாலும், ஒழுகும் கம்பத்தை நெருங்க நெருங்க ‘டக் டக்’ சத்தம் உரக்கும். எஃப்.எம். மட்டும் உள்ள கைத்தொலைபேசி இதற்கு உதவாது.