டிரில் சார் வெட்டிய வாமடை

நம் பள்ளிப் பழைய மாணவர் மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "யோகா பத்தி ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கண்ணே. வருஷா வருஷம் ஜூன் 21 அன்னைக்கு நமக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறது நீங்கதானே" என்றார் தம்பி. சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது ஆசனம் எதுவும் மனதில் வரவில்லை. முழங்கால் வரை சேறு காய்ந்த இரண்டு கால்கள்தான் வந்தன. நம் உடற்பயிற்சி ஆசிரியர் டிரில் சாரின் கால்கள்.

1980களில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பெயரை அச்சில் போடுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் டிரில் சார் என்றே எழுதுகிறேன். அவருக்கு ஐந்து மா நிலம் இருந்தது. விடியற்காலையில் வயலைப் பார்த்துவிட்டு அப்படியே சைக்கிளில் பள்ளிக்கு வருவார். அடிபம்பில் காலைக் கழுவிக்கொண்டு விசிலை எடுப்பார். ஆறரை மணிக்கு வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஆளுக்கொரு கோணிச் சாக்கோடு காத்திருப்போம். அப்போது திருவாரூர் தனி மாவட்டமாகவில்லை, எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. யோகா என்ற சொல்லும் நம் ஊர்ப்பக்கம் வந்திருக்கவில்லை, யோகாசனம் என்றுதான் சொல்வோம். எங்களுக்கு அதில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தலைகீழாக நிற்க வேண்டும்.

அவரோ ஒரு மாதம் ஓர் ஆசனமும் சொல்லித்தரவில்லை. சாக்கை விரித்து மல்லாந்து படுக்கச் சொல்வார். வயிற்றின் மேல் கையை வைத்து மூச்சை எண்ணச் சொல்வார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் ஆனதும் விசில் அடிப்பார். ஒருவன் இருபது என்பான், ஒருவன் பதினேழு என்பான். "நிமிஷத்துக்கு 15னு வச்சுக்க, ஒரு நாளைக்கு எவ்வளவுடா?" என்று மணலில் குச்சியால் பெருக்கிக் காட்டுவார். 21,600. சிதம்பரத்தில் பொன்னம்பலக் கூரையின் பொன் ஓடுகளுக்கும் அதே கணக்கைத்தான் சொல்வார்கள் என்பதை அவரிடம்தான் முதலில் கேட்டேன்.

ஒருநாள் படுத்திருக்கும்போதே கேட்டார்: "திருவாரூர்ல தியாகராஜர் என்ன ஆட்டம்டா ஆடுறாரு?" யாருக்கும் தெரியவில்லை. சுவாமி புறப்பாட்டில் தூக்குகிறவர்கள் ஆடி ஆடிப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், ஏன் என்று கேட்டதில்லை. அவர் சொன்னார். திருமால் தியாகராஜரைத் தன் மார்பில் வைத்துப் பூசை செய்தாராம். அவர் மூச்சு ஏறி இறங்க, மார்பின் மேல் இருந்த தியாகராஜரும் ஏறி இறங்கி ஆடினாராம். அதுதான் அஜபா நடனம். வாய் திறந்து ஜபிக்காமல் மூச்சிலேயே நடக்கிற ஜபம். தியாகராஜர் இருக்கும் ஏழு தலங்களான சப்த விடங்கத் தலங்களில் நமக்குப் பக்கத்துத் திருக்காரவாசலில் குக்குட நடனம், சேவலைப் போல. திருக்குவளையில் வண்டைப் போல. "அதையெல்லாம் போய்ப் பாருங்க. இப்ப உங்க வயித்து மேல இருக்கிற கையப் பாருங்க" என்றார்.

தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். கை ஏறியது, இறங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை. பதின்மூன்று வயதில் எனக்குள் ஏதோ சில்லென்று ஆனது. இன்றைக்கும் என் யோகம் அந்தக் கையிலிருந்துதான் தொடங்குகிறது.

அப்புறம் ஓர் ஆடி மாதம். அந்த வருடம் தண்ணீர் தாமதம். மேட்டூரில் திறந்தது கல்லணையில் வெண்ணாற்றுக்குப் பிரிந்து, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, வழியில் உள்ளவர்கள் எல்லோரும் எடுத்தது போகக் கடைசியில் நமக்கு வரும். கடைமடைக்காரர்களுக்கு அது தெரிந்ததுதான். அன்று காலை யாரோ வந்து "சார், முறைத் தண்ணி வந்துடுச்சு" என்று குரல் கொடுக்க, படுத்திருந்த எங்களையும் கிளப்பிக்கொண்டு வயலுக்கு ஓடினார்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நுரையும் சருகும் முன்னால் வர, செம்மண் நிறத்தில் மெதுவாக வந்தது. வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்களில் ஒருவன் ஆசை தாங்காமல் வாய்க்காலில் குதித்து இரண்டு கையாலும் தண்ணீரை வயல் பக்கம் வாரி இறைத்தான். பார்த்துவிட்டு நானும் குதித்தேன். சார் எதுவும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்தார். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் வாமடையில் மூன்றே வெட்டு. மண் கரைந்து விழுந்தது. தண்ணீர் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினாற்போல் நின்று, அப்புறம் தலையைத் தாழ்த்திக்கொண்டு வயலுக்குள் நுழைந்தது. வெடிப்புகளுக்குள் இறங்கும்போது குபுக் குபுக்கென்று சத்தம். உள்ளே இருந்த பூச்சியெல்லாம் ஏறி ஓட, எங்கிருந்தோ இரண்டு கொக்குகள் வரப்பில் வந்து இறங்கின.

"தண்ணிய நான் தள்ளினேனாடா?"

"இல்ல சார்."

"மூச்சும் அப்படித்தான். இழுக்காத, விடு. முழுசா விட்டா உள்ள இடம் வரும். இடம் வந்தா அதுவா வந்துரும்."

இதை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பல வருடம் கழித்துச் சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் யோகசூத்திரத்துக்கு ஒரு தமிழ் உரையை எடுத்துப் புரட்டினேன். நாலாம் பாதம், மூன்றாம் சூத்திரம். அதில் நம் டிரில் சார் வயல் இருந்தது. காரணங்கள் எதுவும் இயற்கையைப் பிடித்துத் தள்ளுவதில்லை, தடையை மட்டும் எடுத்துவிடுகின்றன, உழவனைப் போல என்கிறார் பதஞ்சலி. வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுகிறவன் நீரைக் கையால் தள்ளுவதில்லை, வரப்பை வெட்டிவிடுகிறான், நீர் தானே போகிறது என்று வியாசரின் உரை அதை விரிக்கிறது. சிதம்பரத்தில் கூத்தைக் கண்டவராக நாம் கும்பிடுகிற பதஞ்சலி, கடைமடைப் பையன் ஒருவனுக்குப் புரிகிற மொழியில் பேசியிருக்கிறார் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. இருநூறுக்கும் குறைவான அந்தச் சூத்திரங்களில் ஆசனத்தை விளக்குவது மூன்று மட்டுமே. உறுதியாகவும் சுகமாகவும் இருக்கும் இருப்பு என்று தொடங்கி அதோடு முடித்துக்கொள்கிறார். நாங்கள் ஆசைப்பட்ட சிரசாசனத்தின் பெயர்கூட அதில் இல்லை.

திருவாவடுதுறைக்குச் சுற்றுலா போனது நம் வகுப்புக்காரர்களுக்கு நினைவிருக்கும். லாரியில் போனோம். திருமூலர் சன்னதிக்கு முன்னால் எங்களை உட்காரவைத்து சார் கதை சொன்னார். வடக்கிலிருந்து வந்த யோகி, காவிரிக் கரையில் இறந்து கிடந்த மூலன் என்ற இடையனையும் அவனைச் சுற்றி நின்று கண்ணீர் விடும் மாடுகளையும் பார்க்கிறார். மாடுகளின் துயரம் தாங்காமல் அந்த உடம்புக்குள் புகுகிறார். "அவ்வளவு சித்தியும் வச்சிருந்தவரு, மாடு அழுவுதேன்னு நின்னாருடா. அதான் யோகம்" என்றார். பிறகு திருமூலர் பாடிய திருமந்திரத்தின் இயமப் பாட்டை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லவைத்தார். கொல்லான், பொய் கூறான், களவிலான் என்று போகும் அதில் 'பகுந்துண்பான்' என்றும் ஒரு சொல் வரும். யோகத்தின் எட்டுப் படியில் முதல் படி இயமம், இரண்டாவது நியமம், ஆசனம் மூன்றாவது என்பதை விரல் விட்டுக் காட்டினார். எங்களுக்கு அப்போது புளியோதரைப் பொட்டலம்தான் முக்கியமாக இருந்தது. அவரவர் பொட்டலத்தைப் பக்கத்திலிருப்பவனோடு பிரித்துக்கொள்ளச் சொன்னதும் அதே சன்னதி வாசலில்தான்.

1996இல் சிங்கப்பூர் வந்தேன். கப்பல் பட்டறை வேலை. எந்த ஷிஃப்டாக இருந்தாலும் ஆசனத்தை விடவில்லை. சிரசாசனத்தில் பத்து நிமிடம் அசையாமல் நிற்பேன். அறையில் உள்ள தம்பிகள் வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்பா காலமான பிறகு நிலத்தைப் பிரித்ததில் அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோனது. இரண்டு பங்குக்கும் நடுவில் ஒரு வாமடை, அது யார் பக்கம் என்பதுதான் விஷயம். யார் முதலில் என்ன சொன்னோம் என்பதையெல்லாம் இங்கே எழுத விரும்பவில்லை. எட்டு வருடம் பேசவில்லை. லீவில் ஊருக்குப் போனால் மாமனார் வீட்டில் இறங்குவேன். விடியற்காலையில் அந்த மொட்டை மாடியில் யோகாசனம் செய்வேன். அண்ணன் வீட்டு ஓட்டுக்கூரை அங்கிருந்து தெரியும்.

அப்படி ஒரு லீவில் சாரைப் பார்க்கப் போனேன்.

"ஆசனம் போடுறியா?"

"தினம் போடுறேன் சார்."

"அண்ணன்கிட்ட பேசுறியா?"

நான் பேசாமல் இருந்தேன். "அப்ப மூணாவது படியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்க. கீழ ரெண்டு படியக் காணுமேப்பா" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து சட்டைத்துணி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவனிடம் இப்படியா பேசுவது என்று தோன்றியது. அடுத்த லீவில் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. இதை எழுதும்போது மனம் வலிக்கிறது.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு ஜூன் மாதம். கப்பல் நிலையாக நிற்கத் தண்ணீர் நிரப்பும் பேலாஸ்ட் டேங்கில் வேலை. கப்பலின் அடியில் இருட்டுக் கிணறு மாதிரி இருக்கும், உள்ளே போக மேன்ஹோல் ஒன்றுதான் வழி. கேஸ் செக் முடித்து, பெர்மிட் போட்டு, வாயில் ஓர் ஆளை நிறுத்தி, பிறகுதான் இறங்குவோம். நான் அப்போது சேஃப்டி பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துப்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, உள்ளே போனதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். "அண்ணே, காத்து இல்லண்ணே, மூச்சு முட்டுதுண்ணே." மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, விரல் மரத்துப்போகிறது என்று அழுகிறான். முதலில் மீட்டரைப் பார்த்தேன். ஆக்ஸிஜன் 20.9. வேறு வாயு எதுவும் காட்டவில்லை. அது குறைந்திருந்தால் எந்த மூச்சுப் பயிற்சியும் உதவாது, அந்தக் கணமே எல்லோரும் வெளியேற வேண்டும். இதைப் படிக்கிற தம்பிகள் யாராவது அந்த வேலையில் இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று காற்று இருந்தது. அவனுக்குள் அதற்கு இடம்தான் இல்லை. இழுத்து இழுத்து நிரப்பி வைத்திருந்தான்.

அவன் கையை எடுத்து அவன் வயிற்றின் மேல் வைத்தேன். "இழுக்காதடா. விடு. நான் எண்ணுறேன், அதுவரைக்கும் விட்டுக்கிட்டே இரு." ஆறுவரை எண்ணினேன். மறுபடி ஆறு. நாலாவது முறை அவன் தோள் இறங்கியது. கை ஏறி இறங்குவது ஹெல்மெட் விளக்கில் தெரிந்தது. பிறகு அவனை முன்னால் விட்டு ஏணியில் மேலே ஏற்றினேன். வெளியே வந்து உட்கார்ந்தவன், "நீங்க சொன்னதும் அதுவா வந்துச்சுண்ணே" என்றான்.

அதுவா வந்துச்சு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கண்டெய்னர் நிழலில் போய் நின்று அண்ணன் நம்பரைத் தேடினேன். எட்டு வருடமும் அவர் வரட்டும், அவர் பேசட்டும் என்று தண்ணீரைக் கையால் இழுத்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். போன் போட்டதும் எடுத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இனிமேதாண்ணே."

"மேட்டூர் தொறந்துட்டான். கல்லணைக்கு வந்துடுச்சாம். நமக்கு வர இன்னும் பத்து நாளாவது ஆகும்" என்றார். அப்புறம் விதைநெல் பற்றிப் பேசினோம்.

அந்தத் தீபாவளிக்குப் போனபோது சாரைப் பார்த்தேன். முட்டி தேய்ந்துவிட்டது, சம்மணம் போட முடியவில்லை. திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற மாட்டுக்கு மருமகள் அரிசி களைந்த தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நான் காலைத் தொட்டு நிமிர்ந்தேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

"அண்ணன் எப்படி இருக்கான்?"

"வெளியிலதான் சார் நிக்கிறாரு. அவரு வண்டியிலதான் வந்தோம்."

"வெயில்ல ஏண்டா நிக்கவச்சிருக்க? உள்ள கூப்பிடு" என்றார்.