மே/பா 99 ஏ.பி.ஓ.

அக்டோபர் 27, குன்னூர்

1971 போர்ப் படத்தின் ஷூட்டிங். மழை. ஒரு ஷாட்கூட இல்லை.

அக்டோபர் 28

ஸ்கிரிப்டில் நாயக்கின் (நம் கதையின் ராணுவ வீரன், நாயக் அவன் பதவி) விலாசம் ‘டாக்கா அருகே’. போர்முனைத் தபாலில் ஊர்ப் பெயர் இருக்கவே கூடாது. படை எண், பதவி, பெயர், யூனிட், மே/பா (மேற்பார்வை) 99 ஏ.பி.ஓ., அதாவது ராணுவத் தபால் நிலையம். முடிந்தது. மேற்கு முனை என்றால் 56.

பெறுநர் பக்கம், அவன் மனைவிக்கு: வெலிங்டன், நீலகிரி. பின்கோடு கிடையாது, அது 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது, கதை நடப்பதோ 1971 டிசம்பர். கடையில் வாங்கிய இன்லேண்டு கடிதத்தாளில் பின்கோடுக்கு ஆறு கட்டம் அச்சாகியே இருக்கிறது. வாங்கிய நாற்பதும் வீண். நீலத்தாளில் தனியாக அச்சடிக்கச் சொல்லியாயிற்று.

கதையில் மாமியார் நாகர்கோவிலிலிருந்து போடும் கவருக்கு வேறு கணக்கு. நவம்பர் 15-க்குப் பிறகு போட்டது, அதனால் 5 பைசா அகதிகள் நிவாரண ஸ்டாம்ப் கூடுதலாக ஒட்ட வேண்டும். யார் கவனிக்கப் போகிறார்கள் என்கிறார்கள். தபால்தலை சேர்க்கிறவன் ஒருவன் போதும்.

அக்டோபர் 29

கடிதத்தைப் ‘பழசாக்கு’ என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எதற்கு? அவள் பிரிக்கும்போது அது எழுதிப் பத்து நாள். புதுத்தாள். ஐம்பது வருடம் கழித்துப் பேத்தி எடுக்கும் காட்சிக்கு மட்டும்தான் பழசு வேண்டும்.

அதற்கு: 2 லிட்டர் கொதிநீரில் 50 கிராம் டஸ்ட் டீ, இருபது நிமிடம். துணியில் இரண்டு தடவை வடிகட்டல், இல்லையென்றால் தாளில் கரும்புள்ளி. வெதுவெதுப்புக்கு வந்தபின் அரை நிமிடம் முக்கல். அதற்கு மேல் விட்டால் நீலம் பாசிப்பச்சை ஆகிவிடும். முதலில் மடித்துப் பிரித்துவிட்டே முக்க வேண்டும். மடிப்பில் நார் உடைந்து சாயம் அங்கே ஆழமாகப் பிடிக்கும், அதுதான் உண்மையான பழசு மாதிரி தெரியும். பேனா மை டீயில் கரைந்து ஓடியது. முக்கிய பிறகு எழுதினால் தாளின் பசை போய் எழுத்து ஊறுகிறது. கடைசியில் தண்ணீரில் கரையாத மையில் எழுதி, பிறகு முக்கினேன். ஊட்டிக் குளிரில் காயாது. இரண்டு செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, குறைந்த சூட்டில் இஸ்திரி.

அக்டோபர் 30

வெலிங்டன் ஸ்டேஷனில் வழியனுப்பும் காட்சி. குன்னூருக்கு மேலே இப்போது டீசல் எஞ்சின் இழுக்கிறது. 1971-க்கு நீராவிதான் வேண்டும். டைரக்டரிடம் மூன்றாவது முறை சொன்னேன். எஞ்சினைக் காட்டாமல் பெட்டி ஜன்னலோடு வெட்டிக்கொள்ளலாம், புகையை நாம் போட்டுக்கொள்ளலாம். டீசல் சத்தத்தை டப்பிங்கில் எடுத்துவிடலாம்.

அக்டோபர் 31

மலைப்பாதையில் மண் சரிவு. ரயிலே இல்லை.

நவம்பர் 1

யூனிஃபார்ம் வந்திருக்கிறது. திறந்தால் இலைப்புள்ளி போட்ட கேமஃப்ளாஜ்! 1971-க்கு வெறும் ஆலிவ் கிரீன். திருப்பி அனுப்பியாயிற்று. கையில் மூன்று பட்டை வேறு தைத்திருந்தான் டெய்லர், அது ஹவில்தார். லான்ஸ் நாயக் ஒன்று, நாயக் இரண்டு.

செட் வீட்டு ஹாலில் டிவி பெட்டி! சென்னையிலேயே தூர்தர்ஷன் 1975-ல்தான். தூக்கச் சொல்லி டிரான்சிஸ்டர் வைத்தேன். போர்ச் செய்தி முழுக்க அதிலிருந்துதான் அந்த வீட்டுக்கு வர வேண்டும், அதனால் அது அடுக்களைப் பக்கம், அவள் கை எட்டும் இடத்தில்.

நவம்பர் 2

அவன் இறந்த தந்தி முதலில் வந்துவிடுகிறது. கடிதம் அப்புறம். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்று ரைட்டரிடம் கெஞ்சினேன். களத்துத் தபால் மெதுவாகத்தான் வரும். இறந்தவன் கையெழுத்தைப் போஸ்ட்மேன் கொண்டுவந்து கொடுப்பதை விட வேறென்ன வேண்டும் இந்தக் கதைக்கு?

நவம்பர் 3

இன்லேண்டு ஆறு பிரதி செய்திருந்தேன். காலையில் பார்த்தால் இரண்டு தானாகவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஈரக்காற்றில் மடிப்பு ஓரப் பசை இளகிவிட்டது. மெழுகுத்தாள் இடையில் வைத்திருக்க வேண்டும், என் தப்பு. மீதி நான்கையும் எரியும் பல்பு போட்ட டிபன் கேரியரில் வைத்திருக்கிறேன்.

டேக் ஒன்று: ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே. லென்ஸ் பூத்துவிட்டது. இன்லேண்டு கிழிந்தது, ஒன்று போச்சு.

டேக் இரண்டு: விரலை விட்டுக் கிழித்ததில் ஓரத்து மூன்று வரியும் போனது. நிஜத்தில் அப்படித்தான் கிழியும். எனக்குப் பிடித்தது. டைரக்டருக்கு வரி தெரிய வேண்டுமாம்.

டேக் மூன்று: கிளிசரின் சொட்டி ‘அன்புள்ள’ கரைந்தது. கரையாத மை பழைய பிரதிக்கு மட்டும் போட்டேன், இதற்குப் போடவில்லை.

நவம்பர் 4

ஒரு பிரதி. பனி எட்டு மணிக்கும் விலகவில்லை.